அறுபத்தைந்தாவது சொல்

என் சித்தப்பா தையல்காரர். வாரத்தில் ஆறு நாள் காலர் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நூலக மாடியில் ஏறினால் முக்காலமும் அறிந்தவராகிவிடுவார். அவர் மேடையில் உட்கார்ந்ததும் மின்விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். நம்பாவிட்டால், மின்சாரம் போன நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் நாற்காலியில் இருப்பார். சித்தி கூட்டத்துக்குள் நடந்து, யாரிடமாவது ஒரு பொருளை வாங்கித் தூக்கிப் பிடித்துக் கேட்பாள். சித்தப்பா அதன் பெயரைச் சொல்லிவிடுவார். மற்ற வித்தைக்காரர்கள் மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்ப்பார்களாம். இவருக்கு அது ஆகாது. கோட்டுத் துணியை நாலாக மடித்து, பஞ்சு வைத்து, அவரே தைத்த கட்டு அது. சூரியனே முன்னால் வந்து நின்றாலும் "யாரு?" என்றுதான் கேட்பார்.

"கட்டியிருக்கேன்னு சொன்னா கட்டியிருக்கணும்" என்பார்.

சூட்சுமம் முழுக்கச் சித்தியின் வாயில். "சீக்கிரம் சொல்லுங்க" என்றால் கைக்கடிகாரம். "யோசிச்சு" என்றால் சீப்பு. "தைரியமா" என்றால் சாவி. இப்படி அறுபத்து நாலு சொற்கள். வீட்டிலும் பழக்கம் விடவில்லை.

"யோசிச்சுச் சொல்லுங்க, எங்கக்கா வந்தா எங்க படுக்க வைக்கிறது?"

"சீப்பு."

கரண்டி பறக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க நான் கடைக்குப் போயிருந்தேன். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற அம்மா ஒருவர் வந்தார். கையில் ஒரு சட்டை. ஒரு வருஷத்துக்கு முன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகனுடையது.

"ஊரார் கடிதமெல்லாம் என் கையிலதான் புரளுது தம்பி. அவன்கிட்டருந்து ஒரு வரி இல்லை. ஞாயித்துக்கிழமை உங்களைப் பார்த்தேன். கண்ணைக் கட்டிக்கிட்டு இதைத் தொட்டுச் சொல்லுங்க. உயிரோட இருக்கானா?"

சித்தப்பா கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்களேன்" என்றாள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சித்தி. சும்மா, பட்டியலில் இல்லாத சொல். இருக்கான்னு சொல்லித் தொலையேன் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

சித்தப்பா கண்கட்டை எடுத்தார். தன் கண்ணில் கட்டவில்லை. அந்த அம்மாவின் கண்ணில் கட்டினார். கடிகாரம், சீப்பு, சாவி மூன்றுக்கும் சொல்லைக் கற்றுக்கொடுத்தார். சித்தி சித்தப்பாவை முறைத்தபடியே சாவியைத் தூக்கினாள்.

"தைரியமா சொல்லுங்க."

"சாவி" என்றார் அந்த அம்மா. தானே கண்கட்டை அவிழ்த்தார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. அங்க டிக்கெட் வாங்கிட்டு, பொய்னு தெரிஞ்சுதான் உட்காருறாங்க."

"நான் தெரியாமதான் உட்கார்ந்திருந்தேன்."

சட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நல்ல வார்த்தை ஒண்ணு சொன்னா வாய் வெந்துடுமா?" என்று பிடித்துக்கொண்டாள் சித்தி. "அந்தம்மா வெளிய சொன்னா நம்ம ஆட்டமே முடிஞ்சுது. அரிச்சந்திரனைக் கட்டிக்கிட்டதுக்கு எனக்கு வேணும்!"

சித்தப்பா தையல் இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்தார். அன்று ஒரே சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் அந்த அம்மா. சித்தியின் முகத்தில் ஈயாடவில்லை. சித்தப்பா எழுந்து நின்றார்.

"இதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது. நானும் என் வீட்டுக்காரியும் சேர்ந்து உங்களை ஏமாத்தப்போறோம். எப்படின்னு மட்டும் சொல்லமாட்டேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவரும் நம்பவில்லை.

கட்டிக்கொண்டார். சித்தி முன்வரிசையை ஒதுக்கிவிட்டு நழுவப் பார்த்தாள். அம்மா வழியை மறித்து அதே சட்டையை நீட்டினார். பட்டியலில் சட்டைக்குச் சொல் கிடையாது. உடுத்தியிருப்பதைக் கழற்றியா கொடுப்பார்கள்! சித்தி சட்டையைத் தூக்கிப் பிடித்தாள்.

"சும்மா... சும்மா சொல்லுங்களேன்."

கடையில் கேட்ட அதே சொல்; சித்தப்பாவின் கை கழுத்தில் இல்லாத அளவு நாடாவைத் தேடியது. பிறகு, "சட்டை" என்றார் சித்தப்பா.

"யாரோடது?" இது அந்த அம்மாவின் குரல்.

"உங்க மகனோடது. அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா."

முதலில் கைதட்டியவர் அந்த அம்மாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ரகசியத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மகன் வந்தானா என்பீர்கள். கப்பல் நிறையச் சாமானோடு வந்து இறங்கினான் என்று நான் பலரிடம் அளந்திருக்கிறேன். சித்தப்பா காதில் விழும்படி மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.