நாலு மணிக்கு வரும் குரல்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் புதுச்சேரியில் டெலிபோன் ஆபரேட்டர். காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கெல்லாம் முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே ஒரு ஒயர்லெஸ் செட்டைப் பார்த்தேன். ஏதோ படகிலிருந்து கழற்றியது, பேசவும் கேட்கவும் ஆனது. ஓரமெல்லாம் உப்பு பூத்திருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் பேச்சை இணைத்துவிடுகிற எனக்கு, அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு பழைய கையேட்டை வைத்துக்கொண்டு நானாகவே கற்றேன். அரித்துப்போன ஈயப் பற்றுகளைச் சுரண்டி மறுபடி வைத்தேன். கார் பேட்டரியில் செட் உயிர்பெற்றது, ஆனால் இரைச்சல்தான் வந்தது. உள்ளே வரிசையாகச் சின்னச் சின்னத் தகர டப்பாக்கள். ஒவ்வொன்றின் திருகையும் இம்மி இம்மியாகத் திருப்பி எல்லாவற்றையும் ஒரே அலைக்குக் கொண்டுவர வேண்டும். இரும்புத் திருப்புளி பட்டாலே அளவு மாறிவிடும். மில்லில் பிட்டராக இருந்த என் கணவர் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ராவி எனக்கொரு திருப்புளி செய்துகொடுத்தார்.

திருகும்போது சரியாகிறதா என்று பார்க்க, ஏதாவது ஒரு ஒலி தொடர்ந்து வர வேண்டும். அதற்கான கருவி என்னிடம் இல்லை. தினமும் நாலு மணிக்கு ஒரு ஆண் குரல் வரும். ஆழத்திலிருந்து வருவதுபோல், பத்து நிமிடம். அதையே வைத்துக்கொண்டேன். அவர் என்ன சொல்கிறார் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. அவர் பேசும்போது செட்டில் இருந்த மீட்டரின் ஊசி ஏறினால் போதும். இரண்டு வாரம் அப்படித்தான் ஓடியது.

கடைசித் திருகைத் திருப்பிய அன்று குரல் அறைக்குள் வந்து நின்றது.

"சின்னவனே, கேக்குதாடா? வல போனா போவுது. யாரும் உன்ன திட்டமாட்டோம். நீ கரைக்கு வந்துடு."

ஐப்பசியில், எங்களுக்குத் தெற்கே இருக்கும் முதுநகர் மீன்பிடித் துறையிலிருந்து போன படகு திரும்பவில்லை என்று அவர் பேச்சிலிருந்தே தெரிந்தது. அப்போது மாசி மாதம். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

"லைசென்ஸ் இல்லாம பேசினா உள்ள புடிச்சிப் போட்டுடுவான். அவரு கூப்பிடறது உன்ன இல்ல," என்றார் கணவர்.

நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டேன்.

"ஐயா, கேக்குது."

பொத்தானை விட்டேன். பிறகு, "யாரும்மா? எம்புள்ள பக்கத்துல இருக்கானா?"

"இல்லீங்க ஐயா. நான் பாண்டிச்சேரியில வீட்டுலேர்ந்து பேசறேன். படகு எதையும் பாக்கல."

அழுவார் என்று நினைத்தேன். "நான் பேசறது அவ்ளோ தூரம் வருதா?" என்றார். "வருதுங்க." "அப்ப கடலுக்கும் போவும். நாளைக்கும் கேப்பியாம்மா?"

கேட்டேன். தினமும் நாலு மணிக்கு "கேக்குதுங்க ஐயா" என்று ஒரே ஒரு முறை சொல்வேன். மற்றபடி அவர் மகனோடுதான் பேசினார். அம்மாவுக்குக் கால் வீக்கம் என்றார். அண்ணன் வேறு படகில் போவதாகச் சொன்னார். சின்னவன் உயிரோடு இருப்பதாக நானும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேனோ என்ற பயம் தூக்கத்திலும் விடவில்லை.

சித்திரையில் ஒருநாள் உடன் வேலை செய்பவள் வராததால் மாலை ஷிப்டும் நானே பார்க்கும்படி ஆயிற்று. மறுநாள் நாலு மணிக்கு இரைச்சல். அதற்கடுத்த நாளும். செட்டில் கோளாறு என்று நினைத்து எல்லாத் திருகையும் கலைத்து மறுபடி சரிசெய்தேன். வேறு படகுக்காரர்கள் பேசுவது தெளிவாகவே கேட்டது.

பத்தாம் நாள் கணவரும் நானும் பஸ் ஏறி முதுநகர் துறைக்குப் போனோம். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், ஐப்பசியில் மகனைக் கடலில் தொலைத்த பெரியவரைப் பற்றி விசாரித்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்படி நாலு பேரு இருக்காங்க. நீ யாரக் கேக்கற?"

பெயரை நான் கேட்டதே இல்லை.