மூன்று கீறல் போட்ட மூடி

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுப்பதுதான் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வழக்கம். நான் ஹட்டன் டவுனுக்குப் போய் ஒரு பிளாஸ்க் வாங்கினேன். கடையில் கண்ணாடிக் குடுவை வைத்தவை நிறைய இருந்தன. கைதவறினால் அன்றோடு அவற்றின் கதை முடிந்தது. நான் கேட்டு வாங்கியது உள்ளும் புறமும் எவர்சில்வர். "இத ஒருக்கா வாங்கினா போதும் தங்கச்சி, ஆயுசுக்கும் வரும்" என்றார் கடைக்காரர். யாருடைய ஆயுசுக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"ஆறிப்போன தேத்தண்ணிய குடிச்சா செத்தா போயிருவோம்? இதுக்குப் போயி இம்புட்டு சல்லியா?" என்று அம்மா ஒரு வாரம் திட்டினாள். அப்புறம் சத்தமில்லாமல் மலைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். மழையில் நனைந்துகொண்டே கொழுந்து பறிப்பவர்கள் பத்து மணிக்குப் போத்தலில் ஆறிப்போனதைக் குடிக்கும்போது, அம்மாவின் பிளாஸ்க்கில் மட்டும் ஆவி பறக்குமாம். அதன் மூடிதான் கோப்பை. பக்கத்தில் பறிக்கும் எல்லாருக்கும் ஆளுக்கொரு மூடி ஊற்றிவிட்டு, மிச்சமிருந்தால் தான் குடிப்பாள். எங்கேயும் மாறிப்போகக் கூடாது என்று மூடியில் ஆணியால் மூன்று கீறல் போட்டுவைத்தாள்.

கொஞ்ச நாளில், லயத்தில் யாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினாலும் எங்கள் பிளாஸ்க்கும் கூடவே ஏறியது. பிள்ளைப்பேறு, ஒப்பரேசன், குளவி கொட்டு, எல்லாவற்றுக்கும் போய்வந்தது. திரும்பும்போது வெறுமனே வராது, கூடவே ஒரு பொட்டலம் சீனியாவது வரும். ஆனாலும் எனக்கு வயிறெரியும். "இது என்ன தோட்டத்து லொறியா, ஆளாளுக்கு ஏறிப் போக?" என்று கத்துவேன். அம்மா சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள்.

பிறகு அம்மாவே ஆஸ்பத்திரியில் படுத்தாள். பதினோரு நாள். கடைசி நாள் காலையில் அந்த மூடியில் இரண்டு வாய் குடித்துவிட்டு "போதும்" என்றாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழுவக்கூட மனசு வராமல், பிளாஸ்க்கை அப்படியே அவளுடைய ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று மாதம் போயிருக்கும். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அக்கா வாசலில் வந்து நின்றார். அம்மாவோடு கொழுந்து பறித்தவர். அந்தப் பதினோரு நாளில் நான்கு நாள் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர். அவருடைய வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கி, முந்தின நாள்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள்.

"தங்கச்சி, அந்த பிளாஸ்க்க குடுக்கிறியா? ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போகுது."

"மூடி தொலைஞ்சிருச்சிக்கா. ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது. "அடடா, ஒங்கம்மா ஆசையா வச்சிருந்த சாமானாச்சே" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டு அக்கா போனார். சோடாப் போத்தலில் தேத்தண்ணியை ஊற்றி, துவாய்த் துண்டைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் பாதையில் இறங்குவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். ஓடிப்போய்க் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அம்மா வாய் வைத்த மூடியில் இன்னொருவர் வாய் வைக்கக் கூடாது என்று பிடிவாதம். அதைத் துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் கஞ்சத்தனம்தான்.

ஐந்தாம் நாள் அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், இறந்துபோனார். துக்க வீட்டில் வருகிறவர்களிடமெல்லாம் அக்கா ஒரே பேச்சைத்தான் பேசினார். "சூடா ஒரு வாய் தேத்தண்ணி குடுன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான் கொண்டுபோனதெல்லாம் பச்சத்தண்ணியா இருந்துச்சி." என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஒரு எவர்சில்வர் மூடி.

"அவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப டவுன்ல நாலு கடை ஏறி எறங்கினேன் தங்கச்சி. கடைசி நாளுலதான் கெடைச்சிச்சி. அளவு சரியான்னு தெரியல, போட்டுப் பாரு. ஒங்கம்மா சாமான் மூடியில்லாம கெடக்கக் கூடாது."

புருஷன் மூச்சுக்குத் தவித்துக் கிடந்த நேரத்தில், தொலையாத மூடிக்காக இந்த மனுஷி கடை கடையாக ஏறியிருக்கிறார். அவர் போனதும் பெட்டியைத் திறந்தேன். புது மூடி பெரிதாக இருந்தது, பிடிப்பில்லாமல் சுற்றியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி வைத்தேன். பிளாஸ்க்கில் ஊற்றி, பழைய மூடியைக் கழுவி, இறுக்கித் திருகி அக்காவின் காம்பராவுக்குக் கொண்டுபோனேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அக்கா, மூடி..." என்று மட்டும் சொல்லிப் பிளாஸ்க்கை நீட்டினேன்.

அக்கா வாங்கினார். மூடியைத் திருகப் போன அவருடைய பெருவிரல் அந்த மூன்று கீறல்களில் பட்டு நின்றது. எத்தனை வருடம் அதே மூடியில் குடித்தவர். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திட்டவில்லை. மூடி நிறைய ஊற்றினார். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அண்ணனின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இந்தாங்க, சூடா இருக்கு" என்றார்.