முனைத்துண்டு

மால்சுன் அக்கா கத்தியில் எள்ளெண்ணெய் தடவி, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப் உருளையின் இரண்டு முனைகளையும் முதலில் வெட்டி ஒதுக்குவார். குப்பைக்கு அல்ல, டப்பா மூடிக்கு. கீரையும் முட்டையும் காரட்டும் தாறுமாறாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனைகள் வீட்டு ஆட்களுக்கு. வட்ட வட்டமாக வரும் நடுத்துண்டுகள் விருந்தாளிக்கு. அவருடைய தையல் கடைக்கு மேலே ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறேன், எனக்கு இன்றுவரை நடுத்துண்டுதான். மூடிப்பக்கம் கை போனால் பட்டென்று தட்டிவிடுவார். "அந்தக் கோணலை எல்லாம் நீ எதுக்குத் தொடறே? அது எங்க வீட்டு ஆளுங்களுக்கு. நீ நல்லதாச் சாப்பிடு தம்பி!" முனையில்தான் உள்ளடக்கம் அதிகம், ருசியும் அதிகம். அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவின் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. கால்சட்டை நீளத்தைக் குறைப்பார், இடுப்பைப் பிரித்து அகலப்படுத்துவார். வாயின் வலது ஓரத்தில் எப்போதும் குண்டூசி. குண்டூசி இல்லாதபோதும் இடது ஓரத்தால்தான் பேசுவார். தெருவில் போகிறவர்களை அவர் இடுப்பு அளவால் அறிவார். "மளிகைக்கடைக்காரரைப் பாத்தியா? முப்பத்தாறுலேர்ந்து முப்பத்தெட்டு ஆயிட்டாரு. பொண்டாட்டிகூடச் சண்டை தீர்ந்துடுச்சு போல."

வசந்தத்தில் ஆற்றங்கரையில் செர்ரிப் பூ விழா வந்தால் கடைக்குப் பூட்டு. விடியும்போதே போய்ப் பாலத்தடி மரத்தின்கீழ் பாயை விரித்து, அதன்மேல் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு வீட்டுக்குச் சமைக்க வந்துவிடுவார். மதியம் திரும்பும்வரை அந்தப் பாயில் ஒருவரும் உட்கார மாட்டார்கள். இந்த வருஷம் பாய் இருந்தது, கூட்டம் இருந்தது, பூ மட்டும் இல்லை. நகராட்சி தேதி குறித்துவிட்டது, குளிர் போகவில்லை. மொட்டைக் கிளைகளுக்கு அடியில் ஊரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. "பூக்கடலுக்கு வருக" என்று ஒலிபெருக்கி வேறு கத்திக்கொண்டிருந்தது. "பூ வரலேன்னா என்ன பண்றது, மாவு கரைச்சாச்சே" என்றார் அக்கா.

இந்த வருஷம் அவருக்குப் பூவைப் பற்றிய கவலையே இல்லை. ஒரே மகன் பொம்சோக் விழாவுக்கு ஒரு பெண்ணை அழைத்து வருகிறான். யெசெனியா, பெரு நாட்டுக்காரி, தலைநகரில் படிக்கிறாள். அம்மா சரி என்றால் இலையுதிர் காலத்தில் கல்யாணம், வேண்டாம் என்றால் இல்லை. கணவர் போனபின் தனியாக வளர்த்த பிள்ளை. சரியா, வேண்டாமா என்று சொல்லும் பாரம் அக்காவைத் தூங்கவிடவில்லை.

"இடுப்பை அளந்து மருமகளைப் பாக்க முடியுமா? ஒரு வேளை சோறு போட்டுப் பாக்கறேன். சாப்பிடற விதத்துல ஆளு தெரிஞ்சுடும். நீயும் வா. நீயும் வெளிநாட்டுக்காரன்தானே, அவ மூஞ்சி என்ன சொல்லுதுன்னு எனக்குச் சொல்லு." பெருவும் என் தென்காசியும் அக்காவுக்குப் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

பொம்சோக் அவளை இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். விழா நெரிசலில் போனவன் போனவன்தான். யெசெனியா காலணியைக் கழற்றிவிட்டுப் பாய்க்கு வந்து குனிந்து வணங்கி, அண்ணாந்து பார்த்தாள். பல்கலைக்கழகத்தில் கற்ற மொழியில் கேட்டாள்: "மலர்கள் எங்கே உள்ளன, அம்மையீர்?"

"வரும், வரும். நீ மொதல்ல உக்காரு."

தட்டில் கிம்பாப், வெங்காயத்தாள் அடை, வறுத்த நெத்திலி. அவள் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். காலித் தட்டைக் கண்டதும் அக்கா நிரப்பினார். அதையும் முடித்தாள். அக்கா மறுபடி நிரப்பினார். அவள் நெற்றி வியர்த்தது, ஆனால் கை நிற்கவில்லை. "மிகவும் சுவையாக உள்ளது, அம்மையீர்."

அக்கா வாயின் இடது ஓரத்தால் என்னிடம் கிசுகிசுத்தார். "இது பசியா, பயமா?"

எனக்கு என்ன தெரியும்? "பசிதான் போலிருக்கு அக்கா" என்று சொல்லிவைத்தேன்.

"விடுதில சோறே போடறதில்லையா?" என்று பரிதாபப்பட்டு, மகனுக்கென்று எடுத்து வைத்திருந்த டப்பாவையும் திறந்தார். அதுவும் காலியானது. இப்போது அவர் முகத்தில் பரிதாபம் இல்லை. "வண்டியோட சுத்திட்டிருக்கறவனுக்கு ஒரு துண்டு வைக்கணும்னு தோணலையே. என்ன பொண்ணு தம்பி இது?" அந்த "வேண்டாம்" தொண்டைவரை வந்துவிட்டது. நான் சொன்ன பசியால் ஒரு கல்யாணம் நிற்கப் போகிறதே!

அப்போது யெசெனியா மேலாடைக்குள் கைவிட்டு எதையோ மெல்லத் தளர்த்தினாள். நான் கவனித்திருக்க மாட்டேன். அக்காவின் கண் நேரே இடுப்புக்குப் போனது.

"இருபத்தெட்டுக் கால்சட்டை. கொக்கி கழண்டாச்சு, தையல் விடப்போவுது. இது பசி இல்ல தம்பி!" அவளிடம் திரும்பினார். "ஏம்மா, வயிறு ரொம்பிடுச்சா?"

"இரண்டாம் தட்டிலேயே நிரம்பிவிட்டது, அம்மையீர்."

"பின்ன எதுக்குத் தின்னே?"

"எங்கள் வீட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் நோகும். தாங்கள் வருந்தக் கூடாது என்று எண்ணினேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "ஆனால் தட்டு காலியாவதே இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை."

"அடிப் பாவிப் பொண்ணே! விருந்தாளி தட்டு காலியா இருந்தா எனக்குல்ல அவமானம்! நீ கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தா நான் எப்பவோ நிறுத்தியிருப்பேனே!"

அவளுக்குத் திட்டுகிறாரா, கொஞ்சுகிறாரா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அக்கா முனைகள் இருந்த டப்பா மூடியை இழுத்தார். இருப்பதிலேயே பெரிய முனைத்துண்டைக் குச்சிகளால் எடுத்துப் பாதியைத் தாம் கடித்துக்கொண்டார். மீதிப் பாதியை, கீழே சிந்தாமல் இடது கையை ஏந்தி, அவள் வாய்க்கு நேரே நீட்டினார். யெசெனியா மிரண்டபடி வாயைத் திறந்தாள். சந்தடி சாக்கில் நானும் மூடிப்பக்கம் கை நீட்டினேன்.

அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை, ஏந்தியிருந்த கை மட்டும் வந்து என் கையைப் பட்டென்று தட்டிவிட்டுப் போனது.