லாஜிக் சார் சொன்ன தீர்ப்பு

எனக்கு அந்தக் குழுவில் 'லாஜிக் சார்' என்று பெயர். ஒரே சீரியலைப் பார்க்கிற நாற்பது பேர் வாட்ஸ்அப்பில் கூடியிருந்த குழு அது. ரசிகர்கள் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு எபிசோடு முடியும், ஏழு ஐந்துக்கெல்லாம் கிழித்துத் தொங்கவிட ஆரம்பித்துவிடுவோம். அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இரண்டு அக்காமார், பரங்கிப்பேட்டையிலிருந்து துபாய்க்குப் போய் அங்கே போனிலேயே பார்க்கிற ஒருவர், கடலூரில் கணக்கு வாத்தியாரான நான், இன்னும் யார் யாரோ.

நேற்று கிணற்றில் விழுந்த போன் இன்று எப்படி அடிக்கிறது? பதினாலு மாதமாக ஒருத்தி மாசமாகவே இருக்கிறாளே, அவள் வயிற்றில் என்ன யானையா? இதையெல்லாம் கேட்பது நான்தான். "மச்சான், அந்த டைரக்டர் உன் வூட்டுப் பக்கம் வந்தா ஓடியே பூடுவான்" என்று துபாய்க்காரர் போடுவார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வகுப்பில் இருபது வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்காத மரியாதை அது. விடுவேனா?

என் மனைவியும் என்னோடு உட்கார்ந்துதான் பார்ப்பாள். ஆனால் குழுவில் இல்லை. அவளைச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது. நான் போனில் தட்டிக்கொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தச் சீரியல் நாயகிக்கு வெளியூரில் ஒரு வேலை கிடைத்தது. வீட்டில் இரண்டு பிள்ளை, ஒரு மாமியார், ஒன்றுக்கும் உதவாத புருஷன். போவாளா மாட்டாளா என்று ஒரு வாரம் இழுத்தார்கள். குழுவும் இரண்டாக உடைந்தது. அண்ணாமலை நகர் அக்காமார் போகட்டும் என்றார்கள். போகக் கூடாது என்ற கட்சிக்கு நான்தான் தலைவர்.

அந்த வாரம் வியாழக்கிழமை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டாள். "ஏங்க, அவ வேலைக்குப் போவலாம்ல?"

எனக்குக் குஷி தாங்கவில்லை. "எப்படிப் போவா? ரெண்டு புள்ளய வுட்டுட்டு காலையில ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுறவளா அவ? இத்தினி நாளா பொறுப்பானவளாக் காட்டிட்டு இப்ப அனுப்பினா அந்தக் கேரக்டரே செத்துப்போச்சு."

"புருஷன் கொஞ்சம் ஒத்தாசை பண்ணா?"

"அவனா? குடிச்ச டம்ளர எடுத்து வைக்காதவன். திடீர்னு சோறாக்குறான்னு காட்டினா எவன் நம்புவான்?"

"அவுளுக்குப் படிப்பு இருக்குதே."

"படிப்பு இருந்து இன்னா பண்றது, துணிச்சல் வேணாமா? புருஷங்கிட்ட வாயத் தொறந்து கேக்கவே பயப்படுறவ வெளியூர் போயி கிழிச்சிடுவாளா?"

சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதே என்று அதை அப்படியே குழுவில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் பூண்டுத் தோலை வாரிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அடுத்த வாரம் அந்த நாயகி வேலைக்குப் போய்விட்டாள். கதை எழுதியவனைக் காறித் துப்பாத குறையாக நீளமாக ஒன்று எழுதினேன். கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். கல்யாணமான புதிதில் என் மனைவி அஞ்சல் வழியில் நூலகப் படிப்பு படித்தாள். போகிறது, பொழுது போகட்டும் என்று விட்டிருந்தேன். அவளோடு படித்த தோழி இப்போது அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். பந்தியில் எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்தவள், "அண்ணா, அன்னைக்கு மட்டும் நீங்க வேணாம்னு சொல்லாம இருந்திருந்தா இவளும் எங்கூடத்தான் இருந்திருப்பா. மொதல்ல இவுளுக்குத்தான் ஆர்டர் வந்துச்சு" என்றாள்.

"எந்த ஆர்டர்?" என்று கேட்டேன். தோழி என் மனைவியைப் பார்த்தாள். மனைவி இலையில் இருந்த பாயசத்தைப் பார்த்தாள்.

கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேட்டேன். பஸ் முட்லூரைத் தாண்டியது. அப்புறம் சொன்னாள். "அந்தக் காலேஜுக்கு எழுதிப் போட்டேன். கெடச்சிது. வெள்ளிக்கிழமைக்குள்ள வரேன், வரலன்னு சொல்லணும்னாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லியே."

"கேட்டேங்க. நீங்கதான் சொன்னீங்க."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அது சீரியலு. அந்தப் பொம்பளயப் பத்திதான சொன்னேன்?"

"மத்தது எதக் கேட்டாலும் பாக்கலாம், பாக்கலாம்னுதான் சொல்வீங்க. கல்யாணம் ஆனதுலருந்து அதான். சீரியலப் பத்திக் கேட்டா மட்டும் மனசுல இருக்கறது வாயில வந்துடும். அதான் அப்படிக் கேட்டுப் பாத்தேன்."

மறைப்பானேன், எனக்கு அவள் மேல்தான் முதலில் கோபம் வந்தது. நேராகக் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேனே. சரி என்றிருப்பேனா? எங்கே சொல்லியிருப்பேன்! பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டிவியைப் போட்டிருப்பேன், வெள்ளிக்கிழமையும் போயிருக்கும். எவனோ எழுதிய ஒருத்தியின் மனசை நாற்பது பேருக்குப் பிரித்துக் காட்டிய மேதாவி நான். கூட இருந்தவளுக்கு ஒரு வேலை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அந்த லெட்டரை அவள் எங்கே வைத்திருந்தாள், என்ன செய்தாள் என்றுகூட இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

"இப்பக் கேளு" என்றேன். "எது வேணும்னாலும் நேராவே கேளு. பாக்கலாம்னு சொல்ல மாட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபத்தில் பேசாமல் இருந்தால் எனக்குத் தெரியும். இது அது இல்லை. மெய்யாகவே யோசித்தாள். ஆலப்பாக்கம் தாண்டிப் போயிற்று.

"உங்ககிட்ட கேக்கறதுக்கு இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.