கன்னியப்பன் பல்லால் கேட்ட சத்தம்

செய்தியை என் மகள் எஸ்தர்தான் கொண்டுவந்தாள். நான் நாஷ்டாவுக்கு உட்கார்ந்திருந்தேன். தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக வந்து நின்று, "நைனா, கன்னியப்பன் மாமா இறந்துட்டாராம். விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொல்லிக்கீறாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றாள். கையிலிருந்த இட்லித் துண்டை மறுபடியும் தட்டில் வைத்தேன். "நேத்து ஷிப்ட் மாறச்சொல்ல பாத்தனேம்மா" என்றேன். துக்கச் செய்தி கேட்கிற எல்லோரும் சொல்வதுதான் இது. நேற்று என் கண்ணில் பட்டவன் இன்று சாகக்கூடாது என்று நான் என்ன உத்தரவா போட்டிருந்தேன்.

படத்திறப்பு அன்று வாசிக்க ஏதாவது எழுதிக் கொண்டுவா என்று ஷிப்டில் இருக்கும் நீங்கள்தான் சொன்னீர்கள். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனிடம் எழுதச் சொன்னது உங்கள் தைரியம். 'அவர்' என்று போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ பஞ்சாயத்துத் தலைவரைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடம் 'வாடா, போடா' என்று பேசியவன். அவன் என்றே எழுதுகிறேன்.

நம் இரும்பு ரோலிங் மில்லில் கன்னியப்பன் பராமரிப்பு ஃபிட்டர், நான் மேலே கிரேன் ஓட்டுகிறவன். மில் ஓடுகிற இரைச்சலில் அங்கே வாய்க்கு வேலை இல்லை, எல்லாம் கைதான். தூக்கு, இறக்கு, நிறுத்து, டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கையசைப்பு உண்டு. கன்னியப்பனுக்கென்று தனியாக ஒன்று இருந்தது. இரண்டு விரலைச் சேர்த்துக் காற்றில் வட்டம் போடுவான், பிறகு உள்ளங்கையைக் கவிழ்ப்பான். பேரிங் போச்சு என்று பொருள். நாற்பதடி உயரத்தில் கிரேன் கூண்டுக்குள் இருக்கிற எனக்கே அது விளங்கும்.

அதை அவன் கண்டுபிடிக்கிற விதத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. மரப்பிடி போட்ட நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் வைப்பான். பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவான். கும்பிடுகிறானா, கரும்பு தின்கிறானா என்று புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. 'பல் டாக்டர்' என்று பெயர் வைத்தவன் நான்தான். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை நல்ல கியர்பாக்ஸ் ஒன்றைப் போய்விட்டதென்று சொல்லி, முழுக்கக் கழற்றினான். உள்ளே ஒரு குறையும் இல்லை, பாதி ஷிப்ட் வீணானது. அன்றைக்கு அவன் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவன் கோபப்படவில்லை. சாக்பீஸை எடுத்துப் போய் வேலைப் பலகையில், 'கியர்பாக்ஸ் நன்றாக உள்ளது. ஆடுவது என் பல். கன்னியப்பன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். பதினைந்து நாள் வரைக்கும் அதை யாரும் அழிக்கவில்லை.

இனி என் வண்டிக் கதைக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு இது தெரியாது, ஏனென்றால் சொல்ல எனக்கு வெட்கம்.

எஸ்தருக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் எங்கள் ஆரம்பாக்கம் வரை வராது. அதனால் என் பதினாறு வருடப் பழைய மோட்டார் சைக்கிளை அவளுக்குக் கொடுத்தேன். கொடுத்தேன் என்பதைவிட, சீர்வரிசை தருகிற மாதிரி நீட்டினேன் என்று சொல்லலாம். நெடுஞ்சாலையில் ஏறி, எளாவூர் சோதனைச்சாவடி லாரிகளுக்கு நடுவில் நுழைந்து, கும்மிடிப்பூண்டி போய், அங்கிருந்து மேற்கே திரும்பிப் போகவேண்டும். தினமும் போக, வர.

ஒரு மாதம் போயிருக்கும். வண்டியில் ஏதோ முனகுகிற மாதிரி சத்தம் வருகிறது என்றாள். கிளப்பிக் கேட்டேன், ஒன்றும் இல்லை. அடுத்த வாரம், வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறுகிறது, கால் வைக்கிற இடம் அதிருகிறது என்றாள். மறுபடியும் கேட்டேன், ஒன்றும் இல்லை. இஞ்சினில் டேப்பெட் கொஞ்சம் லூசாக இருக்கும் என்றேன். ஹெல்மெட்டுக்குள் காற்று புகுந்திருக்கும் என்றேன். ரோடு சரியில்லை என்றேன். மில்லில் இருபத்திரண்டு வருடம் இருக்கிறவனுக்கு மெஷின் சத்தம் தெரியாதா என்றும் கேட்டேன். அவள் விடாமல் சொல்லவே, பழைய ஆயிலை எடுத்துவிட்டுக் கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினேன். நான்கு நாள் அமைதி. அப்புறம் மறுபடியும் வந்து நின்றாள்.

"நான் இன்னா பொய்யா சொல்றேன் நைனா?"

"பொய்யின்னு யாருமா சொன்னா? உனக்குப் பயம். புதுசா ஓட்டறவங்களுக்கு அப்டித்தான் ஏதாவது கேட்டுக்கினே இருக்கும்."

அதற்குப் பிறகு அவள் சத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டி சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய வாராந்தர விடுமுறை நாள் ஒன்றில் வண்டியை நான் மில்லுக்கு எடுத்துப் போனேன். திரும்பும்போது கன்னியப்பன் பின்னால் ஏறிக்கொண்டான். அவன் வீடு எளாவூர், வழியில் இறங்கிவிடுவான். நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், என் முதுகில் ஓங்கி இரண்டு குத்து விழுந்தது. ஓரமாக நிறுத்தினேன். இறங்கி, கால் வைத்திருந்த கம்பியைத் தொட்டு அதிர்வைப் பார்த்துவிட்டு, பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கிற ஸ்குரு டிரைவரை எடுத்தான். இஞ்சினை அணைக்க விடவில்லை. இடது பக்கம் முனையை வைத்துக் கடித்தான், பிறகு வலது பக்கம். எழுந்து, இரண்டு விரலால் காற்றில் வட்டம் போட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தான்.

"இஞ்சினுக்குள்ள கிராங்க் பேரிங்கு. எவ்ளோ நாளா இந்த சத்தம்?"

"இன்னா சத்தம்?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஸ்குரு டிரைவர் பிடியை லுங்கியில் துடைத்து என் வாயருகே நீட்டினான். கடித்தேன். அவன் முனையை இஞ்சின் மேல் வைத்தான். என் தாடைக்குள் யாரோ மணலைப் போட்டு அரைத்தார்கள். பல், கன்னம், மண்டை முழுக்க அந்த அரைப்பு. பிடியை விட்டேன், ஒன்றுமில்லை, சாதாரண வண்டி. கடித்தேன், மறுபடியும் அரைத்தது. என் மகள் வாரக்கணக்காகச் சொன்ன சத்தத்தை அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகக் கேட்டேன்.

கன்னியப்பன் விரலால் மறுபடி வட்டம் போட்டான். இந்த முறை என் காதுக்குப் பக்கத்தில். கையைக் கவிழ்த்தான்.

"இதுவும் போச்சு தாசு. வண்டிக்கு வேற பேரிங்கு கிடைக்கும்" என்றான். பிறகு, "எனக்குப் போயி பத்து வருசமாவுது. இல்லாட்டி நான் எதுக்கு இத்தப் போயி கடிச்சிக்கினு நிக்கறேன்?" என்றான்.

பத்து வருடம் அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தோம். அவன் மறைக்கவில்லை. பெயர் வைத்த நானும் சரி, சிரித்த நீங்களும் சரி, ஒரு நாள்கூட ஏன் என்று கேட்டதில்லை.

"பொண்ணு ஓட்டற வண்டிதான இது? அவ சொல்லல?"

"சொன்னா."

"நீ இன்னா சொன்ன?"

டேப்பெட் என்று சொன்னேன், காற்று என்று சொன்னேன், ரோடு என்று சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இது ஒரு நாளு உள்ள இறுகிப் புடிச்சிக்கும். பின்சக்கரம் அப்டியே நின்னுடும். அப்ப பின்னாடி லாரி வந்துக்கினு இருக்கும், முன்னாடி நம்ம எஸ்தரு இருப்பா" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளு என்று கைகாட்டினான். ஆரம்பாக்கம் வரைக்கும் மாற்றி மாற்றித் தள்ளினோம். எளாவூரில் அவன் வீட்டுத் தெரு வந்தபோதும் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது எங்கள் வீட்டு வாசலில் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தான். அன்றைக்கு அவன் செய்த முதல் காரியம், என்னை ஓரமாக உட்காரச் சொன்னது. கேள்வி எல்லாம் எஸ்தரிடம்தான். கிளப்பினவுடனே வருதா, சூடானப்புறம் வருதா? நின்னுக்கினு ரேஸ் ஏத்துனாலும் வருதா? கிளட்ச்சப் புடிச்சா சத்தம் மாறுதா? அவள் ஒவ்வொன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொன்னாள். நின்றுகொண்டிருக்கும்போதும் வருகிறது, அதனால் சக்கரத்தில் இல்லை. கிளட்ச் பிடித்தாலும் நிற்கவில்லை, கியர் மாற்றினாலும் மாறவில்லை. இஞ்சின் வேகத்தோடுதான் ஏறுகிறது, இறங்குகிறது. தினமும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்திருக்கிறாள். என்னிடம் சொல்வதை நிறுத்தியிருந்தாளே தவிர, கேட்பதை அவள் நிறுத்தவில்லை.

ஆயிலைத் துணி ஊறவைக்கிற வெள்ளை டப்பில் இறக்கினான். கூழ்போல் இறங்கியது. "இந்தக் கஞ்சிய ஊத்துன சமையக்காரன் யாரு?" என்றான். எஸ்தர் என்னைப் பார்த்தாள், என் மனைவியும் பார்த்தாள். அந்த ஆயில் நோயை ஒன்றும் செய்யவில்லை, சொல்கிற வாயைத்தான் நான்கு நாள் பொத்தியிருக்கிறது. வெயிலில் டப்பைச் சாய்த்தபோது ஜிகினா மாதிரி மின்னியது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை உள்ளே விட்டு எடுத்தான். அதில் இரும்புத் தூள் மீசை முளைத்திருந்தது. இஞ்சினின் இடது மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சக்கரத்தை எஸ்தர் கையில் பிடிக்கக் கொடுத்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னான். அசையவே கூடாத சக்கரம், ஆடிய பல்லைப்போல டக் டக்கென்று அசைந்தது.

கிராங்கை வெளியே எடுத்துப் பட்டறையில் கொடுத்து, புதுப் பேரிங் ஏற்றி வர ஒரு வாரம் ஆனது. பழையதை அவன் என் உள்ளங்கையில் வைத்தான். உருளைகளில் அம்மைத் தழும்புபோல் குழி. அவற்றைப் பிடித்திருக்கிற வளையம் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று கேட்டேன். "பத்து நாளும் ஓடியிருக்கும், பத்து நிமிசத்துலயும் நின்னுருக்கும். அது இன்னா உங்கிட்ட சொல்லிட்டா நிக்கும்?" என்றவன், கொஞ்சம் பொறுத்து, "சொல்லிக்கினுதான் இருந்துது. அவளும் சொன்னா. உனக்குத்தான் கேக்கல. கேக்கலன்னு சொல்லியிருந்தா போதும், நீ இல்லன்னு சொன்ன பாரு, அதான் தப்பு" என்றான். எனக்கு அவன் சொன்னவற்றிலேயே கடினமான சொல் அதுதான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

அடுத்த வாரம் நானும் அவனும் பொன்னேரிக்குக் காது பார்க்கப் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எனக்கு எதுவும் கேட்காததால், இந்நேரம் கேட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அழுத்தினேன். சோதனை செய்த பெண் கண்டுபிடித்துவிட்டார். வெளியே வந்து சொன்னபோது கன்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனும் அதையேதான் செய்திருந்தான்.

அவனை எடுத்த மூன்றாம் நாள் துக்கம் கேட்க எளாவூருக்குப் போனேன். அவன் மனைவி தேவகி சுவரோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் வரவில்லை. துக்க வீட்டில் தலையை ஆட்டி "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டால் எதற்கும் பொருந்திப்போகும். இத்தனை வருடம் வீட்டிலும் மில்லிலும் நான் ஓட்டியது அந்த ஆட்டத்திலேதான். பாதி ஆட்டியும்விட்டேன்.

"எனக்குக் கேக்கலம்மா. என்னப் பாத்து இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

தேவகி தலையைத் தூக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "எஸ்தரு வண்டி நல்லா ஓடுதாண்ணே? போறதுக்கு மொத நாளு வரைக்கும் அவரு விசாரிச்சிக்கினே இருந்தாரு."

கன்னியப்பனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிற அந்த ஒரு வாக்கியம்தான். பேரிங் சத்தம் பார்க்கிற வித்தை எல்லாம் எஸ்தருக்குப் போய்விட்டது. அதனால் தேவகியிடம் உண்மையையே சொன்னேன்.

"எனக்குத் தெரியாதும்மா. அவளக் கேட்டு வந்து சொல்றேன்."