மோதினார் தந்த சொல்

சென்ற மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பள்ளிவாசல் வளவில் ஒரு பெண்ணுக்குக் கசையடி கொடுக்கப்பட்டது. அதை எதிர்த்து வாசலில் நின்ற மூன்று பெண்கள், கல்லெறிந்ததாகக் கைதாகிச் சிறையில் அடைக்கப்பட்டனர். அவர்களில் ஒருத்தி என் மகள்.

அவர்களுக்காக வாதாட வந்த சட்டத்தரணி சாட்சி கேட்டார். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் அன்று அங்கே நின்றவர். ஒல்லியான உடம்பு, மருதாணித் தாடி. ஒலிபெருக்கியில் ஊரையே எழுப்பும் அவர் குரல் நேரில் மிகவும் தணிந்திருக்கும். காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

“புள்ளயள் கல்லெடுக்கல்ல சேர். கண்ணால கண்டநான்.”

“கோட்டுல வந்து சொல்லுவீங்களா?”

“ஓம். கண்டது அமானிதம் சேர். அத மறைக்க ஏலுமா?”

அமானிதம், இறைவன் நம்பி ஒப்படைத்தது, என்று ஒருவர் சொன்ன பிறகு எங்கள் ஊரில் யாரும் சத்தியம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சாட்சிக் கூண்டில் ஏறியவர், “நான் உள்ளுக்குத் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்துகொண்டு நிண்டநான். ஒண்டும் காணல்ல” என்றார். உரத்துச் சொல்லும்படி நீதவான் பணித்தார். மண்டபம் முழுவதும் கேட்கும்படி அதையே திரும்பச் சொன்னார். மூவரும் மறுபடி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

வெளியே வந்தவர் என் முன்னால் நின்று ஸலாம் சொன்னார். அவரை யார் பயமுறுத்தினார்கள் என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

செய்யாமல் கிடப்பவை: வேறொரு சாட்சியைத் தேடுவது. புதிய பிணை மனு. அடிபட்ட பெண்ணைப் போய்ப் பார்ப்பது. பதில் சொல்வது கடமையான அந்த ஸலாமுக்குப் பதில்.