அணைந்த திரையில் நின்ற விண்டோ

நில அளவை அலுவலகத்தில் என் மேசைமேல் இரண்டு திரைகள். இடது திரையில் வரைபடம் இருக்கும். அளவுகளைக் காட்டும் விண்டோவை அதிலிருந்து பிரித்து வலது திரையில் மிதக்க விட்டிருப்பேன். அப்போதுதான் படத்தின் எந்த மூலையும் மறையாது. கொல்லிமலையில் மழை பிடித்தால் கரன்ட் போய்விடும். உடனே வலது திரையை அணைத்து யு.பி.எஸ். பேட்டரியை மிச்சம் பிடிப்பது எங்கள் பழக்கம்.

அன்று இதே மலையின் குண்டூர் நாட்டுப் பகுதியிலிருந்து ஓர் அண்ணனும் தங்கையும் பாகம் பிரிக்க வந்திருந்தார்கள். காலை முழுவதும் இழுபறி. கடைசியில் பலா மரம் தங்கை பக்கம் விழும்படி வரைபடத்தில் எல்லைக் கோட்டை நகர்த்த அண்ணன் சம்மதித்தார். நகர்த்தி முடித்தேன், கரன்ட் போனது. பக்கத்து இருக்கை ஊழியர் எட்டி வலது திரையை அணைத்தார்.

சேமிக்கக் கொடுத்தேன். அதன்பின் எதைத் தொட்டாலும் 'டிங்' என்ற சத்தம் மட்டும்தான்.

"ஹேங் ஆயிருச்சு சார். ஆஃப் பண்ணிப் போடுங்க" என்றார் ஊழியர்.

"போட்டா கோடு போயிரும்."

தங்கை நிமிர்ந்தார். "ஏனுங்க, அழிஞ்சிருமுங்களா?"

"அழிஞ்சா முதல்லயிருந்து பேசிக்கலாம்" என்று அண்ணன் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. சேமிக்கவா என்று கேட்கும் சிறு பெட்டி, மிதக்கும் விண்டோ இருக்கும் இடத்தில்தான் திறக்கும். திரை அணைந்தாலும் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதாகவே கணக்கு.

"கண்ண மூடிட்டு எண்டரத் தட்டுங்க சார்" என்றார் ஊழியர்.

அது 'ஆம்' மேல் விழுமா 'இல்லை' மேல் விழுமா என்று எனக்குத் தெரியாது. பேட்டரி வேறு கத்தத் தொடங்கியிருந்தது. வலது திரையை மறுபடி போட்டால் பேட்டரி தீர்ந்து எல்லாமே நின்றுவிடலாம். கண்ணுக்குத் தெரியாத பெட்டியையும் விசைகளாலேயே நகர்த்தலாம்: ஆல்ட், ஸ்பேஸ், பிறகு எம். இடது அம்பு விசையை அழுத்திப் பிடித்தேன். பெட்டியின் விளிம்பு மெல்ல இடது திரைக்குள் வந்தது. முழுதும் வந்தபின் 'ஆம்' கொடுத்தேன். சேமிப்பு முடிந்தது.

"கோடு இருக்குதுங்க" என்றேன்.

அண்ணன் எழுந்து துண்டை உதறினார். "மெசின் நின்னிருந்தா மரம் எனக்குங்க."

"அதுக்குத்தான் உன் மூஞ்சியவே பாத்துட்டிருந்தேன்" என்றார் தங்கை. "வாண்ணா, பஸ் போயிரும். பழம் அறுத்தா உனக்குப் பாதி தாரேன்."

"பாதியா? நீ கொட்டையத்தான் குடுப்பே!"

வாசல் தாண்டியும் பேச்சு ஓயவில்லை.